மூன்றாவதாக நின்றவன்

பாகூர் பக்கம் எங்கள் ஊரில் யாருக்காவது சாட்சிக் கையெழுத்து வேண்டுமென்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் பிரெஞ்சு வாத்தியார். வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை. "சார் கையெழுத்து போட்டா ஆபீஸ்ல ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்று ஊரில் ஒரு நம்பிக்கை. யார் கிளப்பிவிட்டதோ தெரியாது, நானாகவும் இருக்கலாம். பெயரின் கடைசி எழுத்தை நீட்டி இழுத்து, அடியில் ஒரு கோடு போட்டு முடிக்கிற கையெழுத்து என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு என்பதை மறைப்பானேன்.

கல்யாணப் பதிவு, வாடகை ஒப்பந்தம், மனைப் பத்திரம் என்று எத்தனையோ தாள்களில் போட்டிருக்கிறேன். எதையும் படித்ததில்லை. யாரும் படிப்பதில்லை. சாவுக்குப் போய் நிற்பது மாதிரி அதுவும் ஒரு மரியாதை. கூப்பிட்டால் போக வேண்டும், எதற்கு ஏது என்று கேட்கக் கூடாது. இன்றைக்கு எனக்கு நீ நின்றால் நாளைக்கு உனக்கு நான் நிற்பேன். வேலை முடிந்ததும் ஓட்டலில் பூரி வாங்கித் தருவார்கள்.

போன வருடம் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தபோது என் நண்பன் போன் செய்தான். பக்கத்துத் தெருக்காரன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போது கரும்பு போடுகிறான், டிராக்டர் வைத்திருக்கிறான்.

"அப்பா பேர்ல இருக்கிற மனைய மாத்தணும்டா. பேங்க்ல வூட்டு லோனுக்குக் கேக்குறாங்க. அக்காவும் வருது. நீ ஆதார எடுத்துகினு காலைல வந்துடு."

அக்கா என்றால் அவனுக்கு மட்டும் அக்கா இல்லை, எனக்கும் அக்காதான். எங்களைவிட ஐந்து வயது மூத்தவர். கடலூர் பக்கம் கட்டிக்கொடுத்து, அங்கே வாழ்க்கை சரிப்படாமல் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவர். அப்போது உயிரோடு இருந்த அவர்கள் அப்பா மனையின் பின்பக்கத்தைக் காட்டி, "இங்க கட்டிக்க" என்றார். வாய் வார்த்தைதான், எழுத்து ஒன்றும் இல்லை. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தை மிச்சம் பிடித்து, அங்கே இரண்டு அறை எழுப்பி மேலே சிமெண்ட் ஷீட் போட்டார். அந்த இரண்டு அறையைப் பற்றித்தான் இதெல்லாம்.

பதிவு அலுவலகத்துக்கு அவர் நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்தார். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர் புடவைக்கு மேலே போட்டிருந்த நீலக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பெஞ்சில் உட்கார்ந்த உடனே சுவரில் தலை சாய்ந்துவிட்டது. பத்திரம் எழுதுகிறவர் தாள்களை என்னிடம் நீட்டி, "பேரு, விலாசம் கரெக்டா இருக்கான்னு பாத்துக்கங்க சார்" என்றார். என் பெயரைத் தப்பாக எழுதினால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆகவே கவனமாகப் பார்த்தேன். என் பெயர் சரியாக இருந்தது. பக்கத்தைத் திருப்பும்போதுதான் தலைப்பு கண்ணில் பட்டது. விடுதலைப் பத்திரம் என்று இருந்தது.

கீழே இருந்ததையும் படித்தேன். வழக்கமாகப் படிக்காதவன் அன்றைக்குப் படித்தேன், இதை நான் மழுப்ப விரும்பவில்லை. தகப்பனார் மனையில் தனக்குள்ள சகல பாத்தியதையையும் தம்பிக்கு முழு மனதுடன் விட்டுக்கொடுப்பதாகவும், இனிமேல் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் அதில் எந்த உரிமையும் கிடையாது என்றும் எழுதியிருந்தது. நான்கு எல்லையும் சொல்லியிருந்தது. பின்பக்கத்து இரண்டு அறையும் அந்த நான்கு எல்லைக்குள்தான் இருந்தன.

நண்பனைப் பார்த்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நடந்தான். அக்காவைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். வீட்டில் பேசி முடித்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குடும்ப விவகாரம், நாம் எதற்கு மூக்கை நுழைப்பது என்றும் சொல்லிக்கொண்டேன். இப்படி வேகமாகச் சமாதானம் சொல்லிக்கொள்வதில் எனக்கு நிகர் யாருமில்லை.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அக்கா திடுக்கிட்டு எழுந்தார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "எங்க தம்பி போடணும்?" என்றார்.

நான் விரலை வைத்துக் காட்டினேன். "இங்கக்கா."

அதிகாரி கேட்க வேண்டியதைக் கேட்டார். "படிச்சுப் பாத்தீங்களாம்மா? சம்மதம்தானே?" அக்கா என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்துவிட்டு, "பாத்துட்டாங்க சார்" என்றார். போட்டோ எடுத்தார்கள், கைரேகை வைத்தார்கள். நான் என் கையெழுத்தை வழக்கம்போல நீட்டி இழுத்துப் போட்டேன். ஓட்டலுக்கு அக்கா வரவில்லை. "கண்ண இருட்டுது தம்பி, நீ சாப்புடு" என்று சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினார். நான் பூரி சாப்பிட்டேன். நண்பன் இரண்டாவது செட்டும் வாங்கித் தந்தான்.

மழைக்காலம் ஆரம்பிக்கும் முன் நண்பன் புது வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டினான். அக்காவிடம் போய், வாடகைக்கு ஒரு இடம் பார்த்துத் தருகிறேன், பின்பக்கத்தைக் காலி செய்துகொடு என்று கேட்டிருக்கிறான். "என் வூட்ட நான் இன்னாத்துக்குக் காலி பண்ணணும்?" என்று அவர் கத்தியது எங்கள் தெருவரைக்கும் கேட்டது. அப்போதுதான் அவன் பத்திரத்தை எடுத்துக் காட்டினான். அதில் என் கையெழுத்தையும் பார்த்திருப்பார், பார்க்காமல் இருக்க முடியாத கையெழுத்து அது. சண்டைக்கு வருவார் என்று இரண்டு நாள் பயந்துகொண்டே இருந்தேன். வரவில்லை. அதன்பிறகு அவர் வீட்டைக் கடக்காமல் ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றி பஸ் ஸ்டாப்புக்குப் போக ஆரம்பித்தேன்.

கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி சொன்ன வக்கீலைப் பிடித்து, பத்திரம் செல்லாது என்று அக்கா வழக்குப் போட்டார். வீட்டை இடிக்கக் கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கிவிட்டார். கொஞ்ச நாளில் எனக்குச் சம்மன் வந்தது. சாட்சியாக.

மனசு சரியில்லாதபோது சிலர் கோயிலுக்குப் போவார்கள், சிலர் ஒயின் ஷாப்புக்குப் போவார்கள். நான் அகராதியைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுவேன். அந்த வாரம் பதினொன்றாம் வகுப்புக்குச் சொற்குடும்பம் என்ற பாடம் நடத்த வேண்டியிருந்தது. சம்மன் மேஜைமேல் கிடந்தது. வேறு எந்தச் சொல்லை எடுக்க முடியும்?

சாட்சிக்குப் பிரெஞ்சில் தெம்வேன். இத்தாலியர்கள் தெஸ்திமோனே என்பார்கள், ஸ்பெயினில் தெஸ்தீகோ, போர்ச்சுகலில் தெஸ்தெமூன்யா. எல்லாம் லத்தீன் வயிற்றில் பிறந்த மொழிகள், எல்லாவற்றுக்கும் தாய்ச்சொல் தெஸ்திஸ். ருமேனியாக்காரர்கள் மட்டும் தனியாகப் போய்விட்டார்கள். அவர்கள் கிரேக்கத்திலிருந்து வந்த மார்த்தோரை வைத்துக்கொண்டார்கள். விசுவாசத்துக்காக உயிரைக் கொடுத்தவர்களைச் சர்ச்சில் குறிக்கிற அதே கிரேக்கச் சொல்தான் அது. சாட்சி சொன்னவன் செத்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெஸ்திஸைப் பற்றி இணையத்தில் ஒரு கதை உலவுகிறது, ரோமானியர்கள் சத்தியம் செய்யும்போது எதைப் பிடித்துக்கொண்டார்கள் என்று. வகுப்பில் சொல்ல முடியாத கதை. நல்லவேளை, பொய்.

உண்மையான பொருள் அதைவிடச் சாதாரணமானது. அறிஞர்கள் அந்தச் சொல்லைப் பிரித்து, மூன்றாவதாக நிற்பவன் என்கிறார்கள். இரண்டு பேருக்கு நடுவே ஒரு காரியம் நடக்கிறது, பக்கத்தில் மூன்றாவதாக ஒருவன் நிற்கிறான், அவன்தான் தெஸ்திஸ். நம் சாட்சி சமஸ்கிருதத்திலிருந்து வந்தது, அதற்குள் கண் இருக்கிறது. கண்ணால் கண்டவன். ஆக லத்தீன்காரனின் சாட்சிக்குக் கால் உண்டு, நம்முடைய சாட்சிக்குக் கண் உண்டு. இரண்டு சொல்லிலும் வாய் இல்லை. நான் நின்றேன், கண்டேன். இரண்டு மொழியிலும் குறையில்லாத சாட்சி என்று நினைத்துக்கொண்டபோது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் பிள்ளைகள் நிறைய. கரும்பலகையில் வரிசையாக எழுதினேன். அத்தெஸ்தே, சான்று அளிப்பது. கோந்தெஸ்தே, சாட்சிகளை அழைத்து வழக்காடுவது. ப்ரோத்தெஸ்தே, எல்லார் முன்னாலும் எதிர்த்துச் சொல்வது. தெத்தெஸ்தே, தெய்வத்தைச் சாட்சிக்கு அழைத்துச் சபிப்பது, பிறகு வெறுப்பது என்று ஆனது. உயிலுக்குச் சொல்கிற தெஸ்தமானும் இதே வீட்டுப் பிள்ளைதான். பிள்ளைகள் அக்கறையாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிரெஞ்சு எடுத்தால் மார்க் வரும் என்று வந்த பிள்ளைகள், எதைப் போட்டாலும் எழுதிக்கொள்ளும். எனக்குத்தான் பலகையைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. நான் சான்று அளித்தேன், அக்கா வழக்காடுகிறார், எதிர்ப்பதும் வெறுப்பதும்கூடப் பாக்கி இல்லாமல் நடந்துகொண்டிருந்தன.

அகராதியில் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. பிரான்சில் எல்லைக்கல் நடும்போது கூரை ஓடு ஒன்றை இரண்டு மூன்று துண்டாக உடைத்து, கல்லுக்கு அடியில் புதைத்து வைப்பது பழைய வழக்கமாம். யாராவது கல்லைப் பிடுங்கி நகர்த்திவிட்டால், தோண்டிப் பார்த்து, துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்தி, இதுதான் எல்லை என்று தீர்மானிப்பார்கள். அந்த ஓட்டுத் துண்டுகளுக்கும் தெம்வேன் என்றுதான் பெயர். மண்ணுக்கு அடியில் கிடக்கிற ஓடு கேட்டால் சொல்லிவிடுகிறது. நான் சம்பளம் வாங்கி மூன்று மொழி பேசுகிறவன்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நண்பன் என் வீட்டுக்கு வந்தான். வந்த உடனே தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

"நீ கோர்ட்டுல பெருசா ஒண்ணும் சொல்ல வேணாம்டா. பத்திரத்தப் படிச்சிக் காட்டினாங்க, அக்கா கேட்டுகினு தலையாட்டுச்சி, கையெழுத்து போட்டுச்சி. அவ்ளோதான்."

"யாரும் படிச்சிக் காட்டலையேடா."

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். "உன் தங்கச்சி போட்டப்போ யார்டா படிச்சிக் காட்டினது? அன்னைக்குச் சாட்சி நான்தானே. நான் எங்கயாச்சும் வாயத் தொறந்தனா?"

அதட்டலாகச் சொல்லவில்லை. மறந்துபோன ஒன்றை ஞாபகப்படுத்துகிற மாதிரிதான் சொன்னான். அவன் சொன்னது உண்மை. எங்கள் அப்பா இறந்த மறு வருடம், நான் இப்போது குடியிருக்கிற இந்த மனையில் தன் பங்கை விட்டுக்கொடுத்து என் தங்கை கையெழுத்துப் போட்டாள். அவளைக் கரியமாணிக்கத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ஒரு கையெழுத்து வேண்டும் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். காலையில் வந்து, போட்டுவிட்டு, மத்தியான பஸ்ஸில் திரும்பிவிட்டாள். நகையும் சீரும் செய்துதான் கட்டிக்கொடுத்தோம் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். நண்பனும் இப்போது அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பான். அவன் கெட்டவன் இல்லை. என் அப்பாவுக்குத் தோள் கொடுத்தவன். பதிலுக்காகக் காத்திருக்காமல் அவன் கிளம்பிவிட்டான்.

நான் உண்மையைச் சொன்னால் அக்காவுக்கு வீடு நிற்கலாம். சொன்னால் என் வீட்டின் கதையும் அதே கோர்ட்டில் வெளியே வரும். இரண்டு நாள் இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையைச் சுற்றாமல் நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்கு வார லீவு. வாசலில் அந்த நீலக் கோட்டைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தார். உட்காரு என்று சொல்லவில்லை.

"அக்கா, அன்னைக்கு நான் பத்திரத்தப் படிச்சேன். உங்கிட்ட சொல்லல."

அவர் கையை நிறுத்தவில்லை. "நான் இன்னா படிக்கத் தெரியாதவளா? எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். நாலு வரி எழுத்துக்கூட்டிப் பாத்திருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும். தூக்கம் ஒரு பக்கம். நீ நின்னுகினு இருந்த. தப்புன்னா தம்பி சொல்லும்னுதான் போட்டேன்."

"கோர்ட்டுல சொல்றேன்கா."

"சொல்லுவியோ மாட்டியோ. போன தபா உன்ன நம்புனேன். இந்த தபா வக்கீல நம்பிகினு இருக்கேன்." கோட்டை உதறிக் கொடியில் போட்டார். எனக்கு அழுகை வந்தது. அங்கே நின்று அழுதால் அதற்கும் அவரையே ஆறுதல் சொல்ல வைப்பேன் என்று தோன்றியதால் கிளம்பிவிட்டேன்.

கோர்ட்டில் கூண்டு என்று சொல்கிறார்களே தவிர அது இடுப்பளவு மரத்தடுப்புதான். சத்தியம் செய்தேன். அக்காவின் வக்கீல் கேட்டார்.

"பத்திரத்தை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினார்களா?"

"இல்லை."

"அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே படித்தேன்."

"அவரிடம் சொன்னீர்களா?"

"இல்லை. எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன்."

கடைசி வாக்கியத்தை அவர் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். அடுத்து நண்பனின் வக்கீல் எழுந்தார். கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன் என்பதற்குத்தான் சாட்சி, உள்ளே என்ன இருக்கிறது என்பது சாட்சிக்குத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை, சரிதானே என்றார். சரி என்றேன். சட்டம் அப்படித்தான். என்னை யாரும் குற்றம் சொல்லவில்லை, சட்டத்தில் என்மேல் ஒரு தூசுகூட ஒட்டவில்லை. பிறகு அவர் குரலை மாற்றிக்கொண்டு, "உங்கள் தங்கையும் உங்களுக்கு இதே மாதிரி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருக்கிறார் இல்லையா? அதுவும் மோசடிதானா?" என்றார். அக்காவின் வக்கீல் ஆட்சேபித்தார். இந்த வழக்குக்குச் சம்பந்தமில்லை, பதில் சொல்ல வேண்டாம் என்று நீதிபதி சொன்னார். எனக்குப் பெருமூச்சு வந்தது. தப்பித்த பெருமூச்சு அது என்று தெரிந்ததும் கூசிப்போனேன். நண்பன் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. வாய்தா போய்க்கொண்டிருக்கிறது. தடை இருப்பதால் அக்கா அந்த இரண்டு அறையில்தான் இருக்கிறார். என் சாட்சியால் கேஸ் பலமாகிவிட்டது என்று அவருடைய வக்கீல் சொன்னாராம். அக்கா அதை என்னிடம் சொல்லவில்லை, அவர் மகள்தான் சொன்னாள்.

நீதிபதி வேண்டாம் என்ற பதிலை எங்காவது சொல்லித்தானே ஆக வேண்டும். சாட்சி சொன்னதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கரியமாணிக்கத்துக்குப் போனேன். பழைய பத்திரத்தைப் பையில் எடுத்துக்கொண்டேன். தங்கை நெல் காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தாள். கோர்ட்டுச் செய்தி அவளுக்கு வந்து சேர்ந்திருந்தது. வாசலிலேயே நின்று, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன்.

"அப்பா மனைக்கு அன்னைக்கு ஒரு கையெழுத்து போட்டியே. அது இன்னா பத்திரம்னு நான் உனக்குச் சொல்லவே இல்ல."

"தெரியும்ணா. ஆபீஸ்ல குடுத்தப்பவே படிச்சேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "படிச்சியா? படிச்சிட்டு ஏன் போட்ட?"

அவள் கிளறுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "படிச்சிட்டு உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். இப்ப சொல்லுவ, இப்ப சொல்லுவன்னு. நீ சொல்லல. சொல்லாத அண்ணங்கிட்ட பங்க வாங்கி இன்னா பண்ணப் போறேன்னு போட்டுட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடியும் நெல்லைக் கிளறப் போய்விட்டாள். பத்திரம் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்க எனக்குக் கை வரவில்லை.